கடைசி 60 கெஜம்

கோல்ஃப் சாமான்கள் விற்கும் எந்தக் கடையிலும் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ராஜகம்பீரமாக நிற்பது டிரைவர் என்ற நீண்ட மட்டைதான். தலை பெருத்தது, பளபளப்பானது, விலையும் அதற்கேற்றாற்போல. வாங்குபவர் கொண்டுபோவது வெறும் மட்டையை அல்ல. இன்னும் 20 கெஜம் கூடுதலாகப் போகும் என்ற ஆசையை. கடையின் மூலையில் ஒரு பீப்பாய்க்குள் செருகி வைத்திருக்கும் குட்டை மட்டைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் வார இறுதி ஆட்டக்காரரின் ஸ்கோர் அட்டையில் மிக அவமானகரமான எண்கள் விழுவது அந்த மூலை மட்டைகளை அவர் கையில் எடுக்கும்போதுதான்.

எல்லா மைதானத்திலும் பார்க்கக்கூடிய காட்சி இது. 410 கெஜ நீளம், நான்கு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய குழி. (ஸ்ட்ரோக்கை அடி என்றே எழுதலாம். ஆனால் தமிழில் அடி நீளத்தையும் குறிக்கும், அடிப்பதையும் குறிக்கும். இந்தப் பத்தியில் அடி என்றால் நீளம் மட்டுமே.) ஆட்டக்காரர் சுமாராக இரண்டு ஸ்ட்ரோக் ஆடி 350 கெஜத்தைக் கடந்துவிட்டார். எதிரே கிரீன் விரிந்து கிடக்கிறது, கொடி தெளிவாகத் தெரிகிறது, மீதி 60 கெஜம்தான். மட்டை பந்துக்கு நான்கு விரற்கடை பின்னால் மண்ணில் இறங்குகிறது. பந்து 15 கெஜம் நகர்ந்து நிற்கிறது. அடுத்த முறை மட்டையின் விளிம்பு பந்தின் இடுப்பில் பட, அது கிரீனைத் தொடாமலேயே சீறிப் பறந்து பின்னாலுள்ள புதருக்குள் மறைகிறது. 350 கெஜத்துக்கு இரண்டு ஸ்ட்ரோக். எஞ்சிய 60 கெஜத்துக்கு ஐந்து. மனிதர் அடுத்த வாரம் புது டிரைவர் வாங்கப் போகிறார்.

இந்த 60 கெஜத்தில் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடப்பட்ட லட்சக்கணக்கான ஷாட்டுகளின் பதிவுகளை அலசி 2014இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் கணக்குப்படி, ஃபேர்வேயில் 100 கெஜத்திலிருந்து குழிக்குள் பந்தைச் சேர்க்கத் தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சராசரியாக 2.80 ஸ்ட்ரோக் தேவை. 60 கெஜத்திலிருந்து 2.70. 20 கெஜத்திலிருந்துகூட 2.40.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 60 கெஜத்திலிருந்து ஒரு ஷாட், ஒரு புட் என்று இரண்டில் முடிப்பதுதான் நம் எல்லோருடைய கனவு. அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அது தோராயமாகப் பத்துக்கு மூன்று முறைதான் கைகூடுகிறது. மற்ற நேரங்களில் அவர்களும் மூன்று ஸ்ட்ரோக் எடுக்கிறார்கள். 8 அடி தூரத்திலிருந்து அவர்கள் போடும் புட்டுகளில் பாதிதான் உள்ளே விழுகின்றன என்பதும் அதே ஆய்வு தரும் செய்தி. ஆகவே சாதாரண ஆட்டக்காரர் கொடியின் காலடியில் பந்தை நிறுத்த வேண்டும் என்று தவம் கிடக்கத் தேவையில்லை. மூன்றில் முடிந்தால் அவர் உலகச் சராசரிக்கு அருகில் இருக்கிறார். அவருடைய பிரச்சினை நான்கும் ஐந்தும்தான். அவற்றை ஒழிப்பதற்கு மேதைமை தேவையில்லை, ஒழுங்கு போதும்.

இந்தத் தூரம் ஏன் இப்படிப் படுத்துகிறது? மற்ற மட்டைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வீச்சு உண்டு. வீசினால் இவ்வளவு தூரம் என்பது ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய தெரியும். 40, 50, 60 கெஜத்துக்கு மட்டும் முழு வீச்சு கிடையாது. பாதி வீச்சு, முக்கால் வீச்சு என்று அந்த நேரத்தில் மனக்கணக்குப் போட்டாக வேண்டும். முழு ஷாட்டுமல்ல, கிரீன் ஓரத்தில் தட்டிவிடும் ஷாட்டுமல்ல. ரெண்டும் கெட்டான்.

இதற்குப் பயன்படும் மட்டைக்கு வெட்ஜ் என்று பெயர். நேர்த் தமிழில் ஆப்பு. தற்செயலான பொருத்தம்தான் என்றாலும் 'ஆப்பசைத்த குரங்கு' என்ற பழமொழியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாதி பிளந்த மரத்தில் சொருகியிருந்த ஆப்பை அசைத்து அசைத்துப் பிடுங்கிய குரங்கு வாலைப் பறிகொடுத்தது. வெட்ஜைக் கையில் எடுத்துத் தேவையில்லாமல் மணிக்கட்டை அசைப்பவருக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

இந்த மட்டையின் வரலாறே தேவை கருதி மனிதர்கள் பட்டறையில் செய்த வேலைதான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கர் ஜீன் சரசென், மணல் குழிகளிலிருந்து பந்தை எடுப்பதற்காகத் தன் மட்டையின் அடிப்பாகத்தில் உலோகத்தைப் பற்றவைத்துக் கனமாக்கினார். மட்டையின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்து நின்றதால் அது மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போனது. 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை அந்த மட்டையோடு போய் வென்றார். அந்தத் தாழ்ந்த பின்பகுதிக்கு இன்று பவுன்ஸ் என்று பெயர். வெட்ஜ்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் அது இருக்கிறது.

அடுத்த பெரிய மாற்றத்துக்குக் காரணம் டேவ் பெல்ஸ். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவில் இயற்பியலாளராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எங்கே ஸ்ட்ரோக்குகளை இழக்கிறார்கள் என்று மைதானம் மைதானமாக நடந்து குறிப்பெடுத்தார். ஒருவர் கொண்டுபோகக்கூடிய மட்டைகள் 14தான் என்பது 1938இலிருந்து அமெரிக்காவில் விதி. அதில் இரண்டு வெட்ஜுக்கு மேல் வைப்பது வீண் என்பது அக்கால எண்ணம். பெல்ஸின் யோசனைப்படி டாம் கைட் 1980இல் 60 பாகை சாய்வுள்ள மூன்றாவது வெட்ஜைப் பையில் சேர்த்தார். 1981இல் அமெரிக்கப் போட்டிகளில் அதிகப் பரிசுத் தொகை வென்றவர் கைட். 1992இல் பெபிள் பீச்சில் சூறைக்காற்றுக்கிடையே அவர் அமெரிக்க ஓப்பன் வென்ற நாளில், ஏழாவது குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து வெட்ஜால் ஆடிய பந்து நேராகக் குழிக்குள் போனது. கைட் நீளமாக அடிப்பவர் என்று ஒருபோதும் பெயர் வாங்கியதில்லை.

இனித் தவறுகளுக்கு வருவோம். மூன்றுதான், ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. முதலாவது, மட்டையைத் தேவைக்கு மேல் பின்னால் கொண்டுபோவது. கொண்டுபோன பிறகு மூளை விழித்துக்கொள்கிறது: இந்த வேகத்தில் இறங்கினால் பந்து 100 கெஜம் போய்விடுமே! உடனே பிரேக் போடச் சொல்கிறது. பந்தை நெருங்கும்போது மட்டை வேகம் குறைகிறது. இரண்டாவது, உடல் சுழற்சி நின்றுபோக, கைகள் மட்டும் முன்னே பாய்கின்றன. மணிக்கட்டு மடிந்து மட்டைத் தலை கைகளை முந்துகிறது. மூன்றாவது, பந்தை உயரே தூக்க வேண்டும் என்ற கவலையில், குழம்பைக் கரண்டியால் மொள்வதுபோல, உடல் எடையைப் பின்காலில் சாய்த்து மேல்நோக்கி அள்ளுவது. மூன்றின் விளைவும் ஒன்றே. மட்டை தரையைத் தொடும் கீழ்ப்புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. மண்ணில் புதைந்தால் பந்து நகராது; மண்ணைத் தொட்டு மேலே ஏறும்போது பட்டால் பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். பார்க்க எதிரெதிரான இரண்டு விபத்துகள், காரணம் ஒன்றுதான்.

பந்தை ஆட்டக்காரர் தூக்க வேண்டியதில்லை. மட்டையின் முகம் 54 அல்லது 56 பாகை சாய்ந்திருப்பது அதற்காகத்தான். அந்த வேலையை அதனிடம் விட்டுவிட வேண்டும்.

நிற்கும் முறையிலேயே பாதி வியாதி குணமாகிவிடும். கால்களுக்கிடையே இடைவெளி ஒரு சாண், ஒன்றரைச் சாண் போதும். முன்கால் விரல்கள் இலக்கை நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். பந்து இரண்டு கால்களுக்கும் நடுவே. உடல் எடையில் பாதிக்குச் சற்று அதிகம் முன்காலில். வீச்சு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிக்கொண்டால் மட்டை கைக்கு அடங்கும். கைகள் பந்துக்கு ஒரு விரல் அளவு முன்னால் இருந்தால் போதும். பலர் இந்த அறிவுரையைக் கேட்டுவிட்டுக் கைகளை மிகவும் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். அப்போது சரசென் பாடுபட்டுச் செய்த பவுன்ஸ் வேலை செய்யாமல் போகிறது. முன்விளிம்பு மண்வெட்டிபோல இறங்குகிறது.

வீச்சில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. மட்டை பின்னால் போன அளவுக்காவது முன்னாலும் போக வேண்டும். முடிவில் மார்பு இலக்கைப் பார்த்து நிற்க வேண்டும். மார்பு சுழன்றுகொண்டே இருந்தால் மணிக்கட்டு தன் குறும்பைக் காட்ட வாய்ப்பில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் தூரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. வேகத்தின் தாளம் எப்போதும் ஒன்றே. மாற வேண்டியது வீச்சின் நீளம்.

அந்த நீளத்தை அளக்கத்தான் பெல்ஸ் ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்தார். எதிரே நின்று பார்ப்பவருக்கு ஆட்டக்காரரின் தலை 12 மணி, பந்து 6 மணி. வலக்கை ஆட்டக்காரரின் இடக்கைதான் முள். அது பின்னால் போய் ஏழரை மணியில் நின்றால் ஒரு தூரம். ஒன்பது மணிக்கு, அதாவது தரைக்கு இணையாக வந்தால் இன்னொரு தூரம். பத்தரை மணிக்கு மற்றொன்று. பையில் நான்கு வெட்ஜ் இருந்தால் நான்கு மூன்று பன்னிரண்டு தூரங்கள் கைவசம். இரண்டே வெட்ஜ் வைத்திருப்பவருக்கும் ஆறு தூரங்கள் உண்டு. சந்தேகம் இருந்த இடத்தில் ஒரு வாய்ப்பாடு வந்துவிடுகிறது.

இந்த வாய்ப்பாட்டை யாரும் நமக்கு எழுதித் தர முடியாது. அவரவரே தயாரிக்க வேண்டும். மைதானத்தில் 30, 50, 70 கெஜத்தில் ஒரு வாளியோ விரித்த குடையோ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மட்டைக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்துப் பந்து ஆடி, அது முதலில் தரையைத் தொடும் இடத்தைக் காலடியால் அளந்து எழுதுங்கள். உருண்டு போகும் தூரம் கணக்கில் வேண்டாம்; அது அன்றைய தரையைப் பொறுத்தது. மிக நல்லதையும் மிக மோசமானதையும் விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைச் சிறு தாளில் எழுதி மட்டைக் காம்பில் ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு விதியில் தடையில்லை.

கீழ்ப்புள்ளியைச் சரிசெய்ய இன்னும் எளிய வழி இருக்கிறது. தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, பந்தில்லாமல் வீசிப் பாருங்கள். புல் பெயரும் இடம் கோட்டிலோ அதற்கு முன்போ இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் எடை பின்காலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இருபது முறை செய்தால் உடம்பே கற்றுக்கொள்ளும். அதன்பின் பந்தோடு ஆடும்போது ஒரே இலக்கை நோக்கி ஐம்பது பந்து அடித்துத் தள்ளாதீர்கள். 50 கெஜத்துக்கு ஒன்று, அடுத்து 30, அடுத்து 70 என்று மாற்றி மாற்றி ஆடுங்கள். ஆட்டத்தில் ஒரே ஷாட்டை இரண்டாம் முறை ஆட யாரும் அனுமதிப்பதில்லை.

அமெரிக்கப் புத்தகங்களில் போதிய அளவு சொல்லப்படாத ஒரு விஷயம் நம் ஊர்ப் புல். இந்திய மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடா புல்லும் அதன் கலப்பினங்களும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சைனோடான் டாக்டிலான் என்று தாவரவியல் சொல்லும் அந்தப் புல் சாட்சாத் நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். தரையோடு படர்ந்து ஒரு திசையில் சாய்ந்து வளரும்; தண்டு உறுதி. புல்லின் சாய்வுக்கு எதிராக வெட்ஜை வீசினால் முன்விளிம்பு தண்டுகளில் சிக்கிக்கொள்ளும். பந்தைச் சுற்றியுள்ள புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்ப்பது நம் மைதானங்களில் அவசியமான பழக்கம். எதிர்ச்சாய்வாக இருந்தால், வழியில் தடை ஏதும் இல்லாத பட்சத்தில், சாய்வு குறைந்த மட்டையால் தாழ்வாக ஆடி பந்தை உருளவிடுவது உத்தமம்.

குளிர்காலத்தில் வட இந்தியாவில் இந்தப் புல் உறங்கப் போய்விடும். பழுப்பேறி மெலிந்து, அடியில் தரை இறுகிக் கிடக்கும். பவுன்ஸ் அதிகமுள்ள மணல் வெட்ஜ் அங்கே தரையில் பட்டுத் துள்ளி பந்தின் வயிற்றில் இடிக்கும். பவுன்ஸ் குறைந்த வெட்ஜே நல்லது. காலைப் பனியில் வேறு பிரச்சினை. பந்தைச் சுழலச் செய்வது மட்டை முகத்துக்கும் பந்துக்கும் உள்ள உராய்வு. நடுவே ஈரம் புகுந்தால் பந்து வழுக்கி உயரே கிளம்பும், சுழற்சி குறையும், விழுந்த இடத்தில் நிற்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் மட்டை முகத்தைத் துண்டால் துடைப்பது அலங்காரமல்ல.

இங்கே நேர்மையாக ஒரு விவாதத்தையும் சொல்லியாக வேண்டும். 2007இல் மாஸ்டர்ஸ் போட்டியில் சாக் ஜான்சன் ஒரு காரியம் செய்தார். ஐந்து ஸ்ட்ரோக் குழிகள் நான்கு நாட்களில் 16. ஒன்றில்கூட அவர் இரண்டாவது ஷாட்டில் கிரீனை எட்ட முயலவில்லை. தனக்குப் பிடித்த வெட்ஜ் தூரத்தில் பந்தை நிறுத்தி, மூன்றாவது ஷாட்டில் கிரீனுக்கு அனுப்பினார். அந்த 16 குழிகளில் மட்டும் 11 ஸ்ட்ரோக் மிச்சம். டைகர் உட்ஸ் உள்ளிட்டோரை இரண்டு ஸ்ட்ரோக்கில் பின்தள்ளிப் பட்டம் வென்றார். அதைப் பார்த்தவர்கள், எப்போதும் 100 கெஜத்தில் நிறுத்தி முழு வெட்ஜ் ஆடுவதே புத்திசாலித்தனம் என்று முடிவு கட்டினார்கள்.

பிராடியின் எண்கள் அதை ஒப்பவில்லை. 100 கெஜத்துக்கு 2.80, 60 கெஜத்துக்கு 2.70 என்றால், பொதுவாகக் கிரீனுக்கு நெருங்குவதுதான் லாபம். சிறந்த ஆட்டக்காரரையும் அடுத்தவரையும் பிரிக்கும் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீண்ட ஷாட்டுகளிலிருந்து வருவது என்றும் அவர் காட்டுகிறார். அப்படியானால் டிரைவர் வாங்கியவர்தான் சரியா? முழுக்க அப்படியல்ல. 40 கெஜம் நெருங்கிப் போய் மண்ணைக் கிளறுகிறவருக்கு நெருங்கியதன் லாபம் கைக்கு வராது. நீளமாக அடித்துச் சம்பாதித்ததை வசூலித்துத் தருவது வெட்ஜ்தான். ஜான்சனின் வெற்றி சொல்லும் பாடமும் தூரத்தைப் பற்றியதல்ல. தன் கை எந்த ஷாட்டை நம்புகிறது என்று அறிந்து வைத்திருந்ததைப் பற்றியது.

இந்தியாவுக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. எஸ்.எஸ்.பி. சௌராசியா, 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். பயிற்சியாளர் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் தானே பார்த்துக் கற்றவர். நீளமாக அடிப்பவர் அல்ல. ஆனால் 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், 2011இல் அவந்தா மாஸ்டர்ஸ், 2016இலும் 2017இலும் இந்தியன் ஓப்பன் என்று ஐரோப்பியச் சுற்றில் நான்கு பட்டங்கள். கிரீனுக்கு அருகே அவர் கை செய்த ஜாலத்துக்காகச் சக ஆட்டக்காரர்கள் அவர் பெயரையே திரித்து 'சிப்-புட்-சியா' என்று அழைத்தார்கள். பெங்களூரின் அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தன்னைவிட வெகு நீளமாக அடிப்பவர்களுக்கிடையே நான்காவதாக வந்தார். பதக்கம் தவறியது ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்.

சௌராசியாவுக்கு முன்பும் பாதை இருந்தது. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், பிறருடைய பைகளைச் சுமந்த கேடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். (போலீஸ் நிலையப் பட்டியலில் இருக்கும் கேடி வேறு.) கேடிகளுக்கு மைதானம் கிடைப்பது அபூர்வம், கிடைத்த கொஞ்ச இடத்தில், கைக்கு வந்த ஒற்றை மட்டையால், கொஞ்ச தூரத்துக்கு ஆடித்தான் பழக வேண்டும். ஒரே மட்டையில் பல தூரங்களை வரவழைக்க அவர்கள் கற்றது வசதியின்மை கற்றுக்கொடுத்த பாடம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்காத பாடமும்கூட.

இன்று நகரங்களில் பயிற்சி மையங்களில் பிள்ளைகள் ரப்பர் விரிப்பின் மேல் நின்று வரிசையாக டிரைவர் வீசுகிறார்கள். விரிப்பில் மட்டை பின்னால் பட்டாலும் வழுக்கிப் போய் பந்தை எடுத்துவிடும், தவறு தெரியாது. 60 கெஜத்தில் நிஜப் புல்லிலிருந்து நிஜக் கிரீனுக்கு ஆடிப் பழக இடம் கேட்டால், புல் பெயர்ந்துவிடும் என்று மறுக்கும் கிளப்புகள் உண்டு. அரை ஏக்கர் நிலமும், சில வாளிகளும், பெயர்ந்த புல்லை மறுபடி வைத்து மிதித்துவிடும் பழக்கமும் இருந்தால் தீரக்கூடிய பிரச்சினை இது. பணக்கார விளையாட்டில் மிக மலிவான பகுதியைத்தான் நாம் மிகவும் அலட்சியமாக வைத்திருக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போனால் முகப்புக் கண்ணாடியைத் தாண்டி அந்த மூலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கும் எதையும் வாங்க வேண்டியிருக்காது. உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கும் வெட்ஜ் ஒன்பது மணிக்கு எத்தனை கெஜம் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியாவிட்டால், ஒரு வாளியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.